டிஸ்டார்ஷன் போட்டா உறுமல் வரணும். எனக்கு ஏன் கொசு ரீங்காரம் வருது?

#1 ஆறாம்கம்பி
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். கிதார்ல ரெண்டு ஹம்பக்கர் (கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தற பிக்கப்ல ரெட்டைச் சுருள் வகை). பெடல் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, டிஸ்டார்ஷன், அதாவது கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கற பெட்டி. கெயின் (பெருக்கற அளவு) முழுசு, பேஸ் முழுசு, ட்ரெபிள் முழுசு, மிட் (நடுச்சத்தம்) சைபர். வீடியோல பார்த்த எல்லாரும் இப்படித்தான் வெச்சிருந்தாங்க. ஆறாவது கம்பியை அடிச்சா அடிவயித்துல இருந்து உறுமணும்னு ஆசை. வர்றது என்னன்னா, தகர டப்பாக்குள்ள மாட்டிக்கிட்ட கொசு. வாசிக்காம சும்மா இருந்தா 'உஸ்ஸ்ஸ்'. மூணு கம்பியைச் சேர்த்து அடிச்சா கூழ். பெடல் போலியா? பிக்கப் மாத்தணுமா? கையில 6000 ரூபா இருக்கு.

#2 பட்ஜெட்பாண்டி
அந்த 6000-ஐ முதல்ல அம்மாகிட்ட குடுத்து வைங்க. அப்புறம் பேசலாம்.

#3 சாலிடர்சாமி
தம்பி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எதுன்னு சொல்லவே இல்லையே? அது தெரியாம மருந்து எழுத முடியாது. இருந்தாலும் கெயின் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இதை மட்டும் ஒரு நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

பெடலுக்குள்ள பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. பிக்கப்ல இருந்து வர்றது சில நூறு மில்லிவோல்ட். ஒரு ஐசி அதைப் பல மடங்கு பெருக்குது. அதுக்கு அப்புறம் எதிரும் புதிருமா ரெண்டு டயோடு காவலுக்கு நிக்குது. சிலிக்கான் டயோடுன்னா 0.6, 0.7 வோல்ட்டைத் தாண்டினதை எல்லாம் கிரவுண்டுக்கு வழிச்சு விட்டுரும். அலையோட தலை மழுங்கிப் போகும். மழுங்கினதால புதுசா மேல்சுரங்கள் பிறக்கும். ஆறாவது கம்பியை, அதாவது 82 ஹெர்ட்ஸ் அடிச்சா அதுல 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்குன்னு ஏறிக்கிட்டே போகும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டினா இப்படி ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மியா வெட்டினா இரட்டைப்படையும் சேரும். நாம 'டிஸ்டார்ஷன்'னு காதால கேக்கறது இந்தக் கூட்டத்தைத்தான்.

தலை நல்லா மழுங்கினதுக்கு அப்புறம் நாபை இன்னும் திருப்பினா சத்தம் கூடாது, மழுங்கல்தான் கூடும். ஓங்கி அடிச்சதும் தடவி விட்டதும் ஒரே உயரத்துல வந்து நிக்கும். ஐசி பெருக்கும்போது உங்க வாசிப்பை மட்டும் தனியா எடுத்துப் பெருக்காது, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். உங்க 'உஸ்ஸ்ஸ்' அதுதான். பெடல் போலியா இருக்க வேண்டிய அவசியமே இல்ல. கெயினைப் பாதிக்குக் கொண்டுவாங்க.

#4 ஞாயிறுகிதார்
சாமி சார் கெயின் சொல்லிட்டார். நான் மிட் சொல்றேன். சைபர்ல வைக்காதீங்க. கிதாரோட உடம்பே 300-ல இருந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்துலதான் இருக்கு. அதை வழிச்சு எடுத்துட்டா மேல சீறலும் கீழ தொப்தொப்பும்தான் மிச்சம். ரூம்ல தனியா வாசிக்கறப்ப அது பெருசா கேக்கும். நானும் அப்படி வெச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போனேன்; ட்ரம்ஸும் பேஸும் ஆரம்பிச்ச உடனே நான் மேடையில நிக்கறேனா இல்லையான்னே யாருக்கும் தெரியல.

#5 ஸ்காபரோசத்தம்
எல்லாரும் 'கெயினைக் குறை, கெயினைக் குறை' எண்டு சொல்லுறியள். ஒரு மறுப்புச் சொல்லட்டோ? ஸ்டாக்ஹோம்ல சன்லைட் ஸ்டூடியோ எண்டு ஒண்டு இருந்தது. 1990-ல வெளிவந்த தங்கட முதல் அல்பத்தை என்டூம்ட் குழு அங்கதான் பதிவு செய்தவை. பாஸ் கொம்பனியின்ர எச்எம்-2 பெடல், எல்லா நொப்பும் முழுசாத் திருப்பி. மரம் அறுக்கிற மிசின் மாதிரி ஒரு சத்தம். ஸ்வீடன்காரரின்ர டெத் மெட்டல் (ராக்கில ஒரு முரட்டு வகை) எண்டாலே இண்டைக்கும் அந்தச் சத்தம்தான். 1991-ல உற்பத்தியை நிப்பாட்டின பெடலை, ஆக்கள் விடாமல் தேடித் தேடி வாங்கினதால 2021-ல திரும்பவும் செய்து விட்டவை. அது கெயின் குறைச்ச சத்தம் இல்லைத் தம்பிமாரே.

#6 ஞாயிறுகிதார்
@ஸ்காபரோசத்தம் ஒத்துக்கறேன் அண்ணா. ஆனா அந்தப் பெடல்ல ஹை நாபை முழுசாத் திருப்பினா ஏறுறது 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல உள்ள மிட்தான். அவங்க நாலு நாபையும் முழுசா வெச்சப்ப மிட்டும் முழுசாயிடுச்சு. நம்ம ஆள் மிட்டைச் சைபர்ல வெச்சுட்டு மத்ததை மட்டும் முழுசாக்கியிருக்கார். ரெண்டும் ஒண்ணு இல்லையே.

#7 ஸ்காபரோசத்தம்
அது சரிதான். அந்த ஒரு விசயத்தில விட்டுக் குடுக்கிறன். 😄

#8 ஆறாம்கம்பி
கெயின் பாதி, மிட் பாதி வெச்சுப் பார்த்தேன். கூழ் கொஞ்சம் தெளிஞ்சுது. ஆனா கொசு அப்படியே இருக்கு. சாமி சார் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம்ப்னு தனியா இல்ல சார். பெடல்ல இருந்து வயர் எடுத்து ஹோம் தியேட்டர் பின்னாடி ஆக்ஸ்ல குத்தியிருக்கேன். அதுவும் ஆம்ப்தானே?

#9 பட்ஜெட்பாண்டி
கம்பவுண்டர்கிட்ட காய்ச்சல், தலைவலி எல்லாம் சொல்லிட்டு, கிளம்பறப்ப 'பாம்பு கடிச்சதையும் சொல்லணுமா'ன்னு கேட்ட கதை.

#10 சாலிடர்சாமி
பாண்டி, சின்னப் பையனைக் கலாய்க்காதீங்க. இந்தத் தப்பைப் பண்ணாதவங்க நம்மள்ல எத்தனை பேரு?

தம்பி, அந்தக் கொசு உங்க பெடல்ல இல்ல, ஸ்பீக்கர்ல இருக்கு. ஹோம் தியேட்டர்ல ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்குன்னே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளதை உள்ளபடி காட்டறதுதான் அதோட வேலை. கிதார் ஆம்ப்ல இருக்கறது பெரும்பாலும் 12 இஞ்ச் காகிதக் கூம்பு, ட்வீட்டரே கிடையாது. ஒரு 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா அதுக்கு மேல உள்ளது சடசடன்னு சரிஞ்சிடும். டயோடு அலையை வெட்டினப்ப மேல மேல ஏறின மேல்சுரம் எல்லாம் 6, 8, 10 கிலோஹெர்ட்ஸ்ல சீறிக்கிட்டு இருக்கும். கிதார் ஸ்பீக்கர் அதை முழுங்கிடும். உங்க ட்வீட்டர் அதைத்தான் தூக்கிப் பிடிச்சுக் காட்டுது. மிக்ஸியை மூடி போடாம ஓட்டின மாதிரி. மூடி போட்டாத்தான் தெறிக்காது.

ஸ்பீக்கர்ங்கறது சத்தம் வெளிய வர்ற ஓட்டை மட்டும் இல்ல, கிதாரோட பாதி வாத்தியமே அதுதான். டிஸ்டார்ஷனோட ஆரம்ப காலத்துல ஸ்பீக்கரையே குத்திக் கிழிச்ச கதை எல்லாம் உண்டு. லிங்க் ரே 1958-ல ஆம்ப் ஸ்பீக்கர்ல பென்சிலால ஓட்டை போட்டாரு. கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் 1964-ல ஒரு சின்ன ஆம்ப்போட கூம்பை பிளேடால கீறினாரு. இந்தக் கரகரப்புக்குன்னு ஒரு பெடல் கடைக்கு வந்ததே 1962-ல, மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். அதுக்கும் முன்னோடி ஒரு விபத்து: 1961-ல வெளிவந்த ஒரு பாட்டை நாஷ்வில்ல பதிவு பண்ணினப்ப மிக்ஸிங் கன்சோல்ல ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசிச்சது கரகரன்னு பதிவாயிடுச்சு. அது எல்லாருக்கும் பிடிச்சுப் போய், அதே கரகரப்பைச் செயற்கையா வரவைக்கத்தான் பெட்டி செஞ்சாங்க. கெட்டுப்போன சத்தத்தைக் காசு குடுத்து வாங்கற ஒரே கூட்டம் நாமதான்.

இப்ப வழிக்கு வரேன். லேப்டாப் இருக்கா? நியூரல் ஆம்ப் மாடலர்னு, ஆம்ப் மாதிரியே நடிக்கற ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது கூட 'கேபினெட் ஐஆர்' ஒண்ணு போடுங்க. ஒரு நிஜ ஸ்பீக்கர் பெட்டி முன்னாடி மைக் வெச்சு, அது எதை விடுது எதை முழுங்குதுன்னு பிடிச்சு வெச்ச சின்ன கோப்பு அது. இலவசமாவே கொட்டிக் கிடக்கு. லேப்டாப் இல்லன்னா ஹோம் தியேட்டர்லயே ட்ரெபிளை அடியோட இறக்கிப் பாருங்க. அது அரைகுறை வைத்தியம்தான், ஆனா கொசு போயிடும்.

#11 ஆறாம்கம்பி
சார்!!!! அண்ணனோட லேப்டாப்ல போட்டுப் பார்த்தேன். ஐஆரை ஆன் பண்ணின அந்த நொடி கொசு செத்துப் போச்சு. ஆஃப் பண்ணா திரும்பப் பறக்குது. ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு அரை மணி நேரம் இதையே பண்ணிக்கிட்டு இருந்தேன், ஒண்ணுமே வாசிக்கல.

ஆனா உறுமல்னு சொல்ற அளவுக்கு வரல. மெத்துனு இருக்கு. சாதா ஈ மேஜர் கார்டை முழுசா அடிச்சா இன்னமும் குழப்படியா இருக்கு.

#12 வீணைவிட்டவள்
இழையை மூணு நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன், இப்பதான் எனக்குத் தெரிஞ்ச இடம் வந்திருக்கு. எட்டு வருஷம் வீணை கத்துக்கிட்டு அப்புறம் கிதாருக்கு வந்தவ நான். என் வாத்தியார் காதுக்கு இது எட்டாம இருக்கணும்.

தம்பி, டிஸ்டார்ஷன் போட்டுட்டு முழு மேஜர் கார்டு அடிக்காதீங்க. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் அடிங்க. ஆறாவது கம்பி அமுக்காம சும்மா, அஞ்சாவது கம்பி ரெண்டாவது ஃபிரெட் (கிதார் கழுத்துல உள்ள உலோகக் கட்டை, வீணைல மெட்டு மாதிரி). மத்த கம்பிகளை விரலால அமுக்கி ஊமையாக்குங்க. இதைத்தான் பவர் கார்டுன்னு சொல்றாங்க.

காரணம் சொல்றேன். சுத்தமான சத்தத்துல ரெண்டு சுரம் அடிச்சா ரெண்டு சுரம்தான் கேக்கும். டிஸ்டார்ஷனுக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி, கூட்டல் கழித்தல் சுரங்கள் புதுசா முளைக்கும். ஆறாவது கம்பில வர்ற ஈ 82.4 ஹெர்ட்ஸ், அஞ்சாவதுல வர்ற பி 123.5. கழிச்சுப் பாருங்க: கிட்டத்தட்ட 41. அது ஈ-க்கு சரியா ஒரு ஸ்தாயி கீழ! நீங்க அடிக்காத மந்திர சட்ஜம் ஒண்ணு தானா கிளம்பி வருது. கூட்டலும் கழித்தலும் எல்லாமே 41-ஓட மடங்குலதான் வந்து விழும்: 82, 123, 165, 206. எல்லாம் ஒரே குடும்பம், அதனால சண்டை இல்ல. நீங்க தேடற உறுமல் அங்கதான் இருக்கு.

இப்ப மேஜர் காந்தாரத்தைச் சேருங்க. அரைச்சுரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட். கிதார் ஃபிரெட்ல பஞ்சமம் இயற்கையான இடத்துல இருந்து 2 சென்ட்தான் விலகியிருக்கு. காந்தாரம் 14 சென்ட் கூடுதலா நிக்குது. சுத்தமான சத்தத்துல அதை நம்ம காது மன்னிச்சுடும். டிஸ்டார்ஷன் மன்னிக்காது. முளைக்கிற கழித்தல் சுரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்து, ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும். உங்க கூழ் அதுதான். தம்புராவை ஏன் ச-ப-வுல சேர்க்கறோம்னு நினைச்சுப் பாருங்க. காந்தாரத்துக்குன்னு அதுல தனிக் கம்பி இல்ல, ஆனா ஸ்ருதி சுத்தமா இருந்தா அது தானா கேக்கும்.

#13 ஞாயிறுகிதார்
அக்கா, இந்த 82-123 கணக்கை எங்க பாட்டுக்குழு முழுசுக்கும் அனுப்பியாச்சு.

அப்புறம் தம்பி, ஐஆருக்கு அப்புறம் ஈக்யூவில (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கற ஈக்வலைசர்) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டிடுங்க.

#14 பட்ஜெட்பாண்டி
ஒரு நிமிஷம். அக்கா 41 ஹெர்ட்ஸ்லதான் உறுமல் முளைக்குதுங்கறாங்க. நீங்க 80-க்குக் கீழ வெட்டுங்கறீங்க. முளைச்சதையே வெட்டிட்டா எதை உறுமச் சொல்றீங்க? கலாய்க்கல, நிஜமாவே கேக்கறேன்.

#15 வீணைவிட்டவள்
பாண்டி கேட்டதுலயே உருப்படியான கேள்வி இதுதான். 🙂

நம்ம காது ஒரு விசித்திரம். 82, 123, 165, 206 இத்தனையும் ஒண்ணா வந்தா, இவங்க எல்லாருக்கும் பொதுவான மூலம் 41-தான்னு மூளை தானாவே கணக்குப் போட்டு, இல்லாத 41-ஐக் கேட்ட மாதிரி காட்டும். செல்போன் ஸ்பீக்கர்ல ஆண் குரலோட அடிச்சுரமே வராது, ஆனாலும் ஆண் குரல்னு கண்டுபிடிக்கறோம் இல்லையா, அதே சங்கதி. அதனால 41-ஐ வெட்டினாலும் உறுமல் சாகாது. 120-ல இருந்து 250 வரைக்கும் உள்ளதை வெட்டினாத்தான் சாகும்.

#16 ஞாயிறுகிதார்
இன்னொரு விஷயம். பேஸ் கிதாரோட கடைசிக் கம்பி சும்மா அடிச்சா 41 ஹெர்ட்ஸ்தான். அந்த இடம் அவங்க வீடு. நாம அங்க போய்ப் படுத்தா ரெண்டு பேருக்கும் தூக்கம் கெடும். பதிவுல நீங்க 'என்னா கிதார் உறுமல்!'னு நினைச்சுக் கேக்கறதுல பாதி பேஸ் கிதார். மீதியும் ஒரு கிதார் இல்ல. ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற கிதார் துணுக்கை) ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு, ஒண்ணை இடது பக்கமும் ஒண்ணை வலது பக்கமும் வெச்சிருப்பாங்க. தனியா ரூம்ல உக்காந்து அதோட போட்டி போட்டா மனசு உடைஞ்சிரும்.

#17 ஸ்காபரோசத்தம்
நான் ரெண்டு விசயம் சொல்லிட்டு நித்திரைக்குப் போறன், இஞ்ச விடியப் போகுது.

ஒண்டு. பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால வெட்டுறதும் பின்னால வெட்டுறதும் ஒண்டில்லை. பிக்கப்பில இருந்து வாற சிக்னல்ல கீழ்ப்பக்கம்தான் பெரிசு. அதுதான் முதல் போய் டயோடில முட்டும். மிச்சம் எல்லாம் அதுக்கு மேல ஏறித் தொங்கிக்கொண்டு போகும். அதாலதான் 'ஜக் ஜக்' எண்டு வெட்டி வாசிக்கிற இடத்தில சத்தம் பலூன் மாதிரி ஊதுறது. ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் எண்டு 1979-ல வந்த பச்சைப் பெட்டி, ஒரு 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதைப் பெருக்காமல் அடக்கிப்போட்டுத்தான் மழுங்கடிக்கும். மெட்டல்காரர் அதின்ர ட்ரைவை (அதில கெயினுக்கு வைச்ச பெயர்) சைபரில, லெவலை (வெளிய வாற சத்த அளவை) முழுசா வைச்சு, கெயின் கூடின ஆம்புக்கு முன்னால போடுறவை. அந்தப் பெட்டியின்ர டிஸ்டார்ஷன் அவைக்குத் தேவையில்லை, அது கீழ்ப்பக்கத்தை மெலிய வைக்கிறதுதான் தேவை. மெலிஞ்சு உள்ள போய், ஆம்புக்குப் பிறகு கொழுத்து வெளியால வரும். அதே சேர்கிட்டை எத்தினையோ பேர் மலிவாச் செய்து விக்கினம். தம்பியின்ர 6000-க்குள்ள அடங்கும்.

ரெண்டு. பிளாக் சபாத் குழுவின்ர கிதார்காரர் டோனி அயோமியின்ர கதை தெரியும்தானே? பர்மிங்காமில இரும்புத் தகடு வேலை, 17 வயசு, வேலையின்ர கடைசி நாள். மிசின் வலக்கையின்ர ரெண்டு விரல் நுனியைக் கொண்டு போட்டுது. அவர் இடக்கைக்காரர், அப்ப வலக்கைதான் கம்பி அமத்துற கை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் கவசம் செய்து, மெல்லிய கம்பி போட்டு வாசிச்சார். 1971-ல மூண்டாவது அல்பத்தில கம்பியளை மூண்டு அரைச்சுரம் தளர்த்தினவர், விரலுக்குச் சுகம் எண்டு. அண்டைக்கு வந்த கனம்தான் இண்டைக்கு உலகம் முழுக்க. நீங்களும் ஆறாவது கம்பியை மட்டும் ஈ-யில இருந்து டி-க்கு இறக்கிப் பாருங்கோ. ஒரு விரலாலேயே ச-ப அமத்தலாம்.

#18 சாலிடர்சாமி
இறக்குங்க, ஆனா ஒரு எச்சரிக்கை. தளர்ந்த கம்பியை ஓங்கி அடிச்சா அடிச்ச கணம் ஸ்ருதி கூடிப் போய் அப்புறம் இறங்கும். 9 கேஜ் (கேஜ்னா கம்பியோட தடிமன்) மெல்லிசுக் கம்பில இது ரொம்பத் தெரியும். 10-ல இருந்து 46 உள்ள செட்டு போடுங்க. கம்பி எப்ப மாத்தினீங்க?

#19 ஆறாம்கம்பி
கிதார் வாங்கறப்பவே அதுல இருந்த கம்பிதான் சார்... ஒன்றரை வருஷம் இருக்கும்.

#20 பட்ஜெட்பாண்டி
ரெண்டாவது பாம்பு.

#21 வீணைவிட்டவள்
😂 தம்பி, கம்பி மாத்துங்க. பழைய கம்பில அழுக்கும் துருவும் ஏறி மேல்சுரம் செத்திருக்கும். பிக்கப்புக்கு வராததை எந்தப் பெடலாலயும் உறும வைக்க முடியாது.

அப்புறம் வலது கை. இதை யாரும் சொல்லலையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். உள்ளங்கையோட சுண்டுவிரல் பக்க ஓரம், கம்பி பிரிட்ஜ்ல (கிதார் உடம்புல கம்பியைத் தாங்கற கட்டை) இருந்து கிளம்பற இடத்துல லேசா படணும். பிரிட்ஜ் மேலேயே வெச்சா ஒண்ணும் அமுங்காது. ஒரு விரல்கடை முன்னாடி வந்தா 'டொக்'னு செத்துரும். நடுவுல ஒரு இடம் இருக்கு, நெல்லு மணி அகலம்தான். அங்க வெச்சு, கீழ்நோக்கியே அடிங்க, 1 மி.மீ.க்கு மேல தடிமன் உள்ள பிக்கால. மேலயும் கீழயும் மாத்தி மாத்தி அடிக்காதீங்க. பெடலை ஆஃப் பண்ணிட்டு, சுத்தமான சத்தத்துல அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. வீணைல மீட்டுக்குன்னு மாசக்கணக்குல உக்கார வெச்சப்ப திட்டிக்கிட்டே உக்காந்தேன். இங்க அதுதான் கை குடுத்துது.

#22 சாலிடர்சாமி
இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். 'உஸ்ஸ்ஸ்' கூட அடில ஒரு 'ம்ம்ம்' இருக்கா? கம்பியைத் தொட்டா குறையுதா? தொட்டா குறைஞ்சா கிதார் கிரவுண்டு நல்லாத்தான் இருக்கு. அறையில ஃபேன் ரெகுலேட்டர், பழைய ட்யூப்லைட் சோக், லேப்டாப் சார்ஜர் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க. ஒரே அடாப்டர்ல ரெண்டு மூணு பெடலைக் கோத்து ஓட்டினாலும் வரும்.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல. ஹம் போகுதுன்னு மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை வெட்டாதீங்க. கம்பி நேரா எர்த்தோட பேசிக்கிட்டு இருக்கு, உங்க கை கம்பியைப் பிடிச்சிருக்கு. மேடையில கிதாரைப் பிடிச்சுக்கிட்டே மைக்ல வாயை வெச்சவங்க ஷாக் வாங்கினதை நேர்ல பார்த்திருக்கேன். மெல்லிசைக் கச்சேரி நாள்ல இருந்து பார்க்கறேன், எர்த் இல்லாத மண்டபம்தான் அதிகம். வாசிக்கறதுக்கு முன்னாடி டெஸ்டர் வெச்சுப் பாருங்க.

#23 ஆறாம்கம்பி
ஒரு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், இன்டர்னல் எக்ஸாம்.

செஞ்சது: 10-46 கம்பி போட்டேன். ஆறாவது கம்பி டி-ல. பிக்கப் கம்பிக்கு ரொம்ப ஒட்டி இருந்துது, கடைசி ஃபிரெட்டை அமுக்கிப் பிடிச்சு 2 மி.மீ. இடைவெளி வெச்சேன். நாபைக் கடிகார முள்ளா நினைச்சா, கெயின் பதினோரு மணிக்கு நிக்குது, மிட் ரெண்டு மணிக்கு, பேஸ் ஒன்பதுக்கு. ஸ்காபரோ அண்ணை சொன்ன பச்சைப் பெட்டி வாங்கல. லேப்டாப்லயே ஈக்யூ ஒண்ணை எல்லாத்துக்கும் முன்னாடி போட்டு, கீழ்ப்பக்கத்தைக் குறைச்சுப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வேலை நடக்குது.

நேத்து ராத்திரி ஹெட்போன்ல அந்த நெல்லு மணி இடத்துல கை சரியா விழுந்துது. ஒரே ஒரு அடி. கழுத்துக்குப் பின்னாடி முடி நின்னுச்சு. அடுத்த இருபது அடியும் பழையபடி 'டொக்', ஆனா அந்த ஒண்ணு வந்துச்சு. இருபத்தி ரெண்டாவதும் வந்துச்சு. 6000-ல கம்பிக்கும் பிக்குக்கும் போக மீதி அப்படியே இருக்கு.

#24 ஸ்காபரோசத்தம்
மிச்சக் காசில எச்எம்-2 மாதிரி ஒண்டு வாங்குங்கோ. எல்லா நொப்பும் முழுசா. நான் சொல்லுறன்.

#25 ஞாயிறுகிதார்
அண்ணா தூங்கப் போறேன்னு சொல்லி ஒரு வாரம் ஆச்சு.

#26 சங்கிலிக்கருப்பு
புது உறுப்பினர். நல்ல இழை. எனக்கு பேஸ் கிதார். டிஸ்டார்ஷன் போட்டா கீழ்ச்சத்தமே காணாமப் போயிடுது, மேல மட்டும் கரகரங்குது. என்ன பண்ணலாம்?

#27 சாலிடர்சாமி
சிக்னலை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி சுத்தமா, ஒரு பாதி டிஸ்டார்ஷன்ல விட்டு, கடைசில கலக்கணும். புது இழை ஒண்ணு தொடங்குங்க, விளக்கமா எழுதறேன். ஆம்ப் எதுன்னு முதல் பதிவுலயே போட்டுடுங்க.